தணிக்கைத் தடையில் நின்ற 18,450 ரூபாய்

ஊராட்சிக் கணக்கில் உள்ளாட்சி நிதித் தணிக்கை எழுப்பிய தடை (விளக்கம் கேட்கும் ஆட்சேபணை) ஒன்று ஒருவழியாக நீங்கியது. கொடுத்தும் பணமாகாத காசோலைகளைக் கழித்த பிறகும், மார்ச் 31 அன்று ரொக்கப் புத்தக இருப்பைவிட வங்கிப் பாஸ்புக்கில் 18,450 ரூபாய் அதிகம்.

பக்கவாரிக் கூட்டலில் பிழையில்லை. வட்டி, வங்கிக் கட்டணம் எல்லாம் பதிவாகியிருந்தன. வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டதால், 54-ஐ 45 என்று எழுதியதுபோல இலக்கம் இடம் மாறியிருக்கும் என நம்பித் தேடியதில் இரண்டு நாள் வீண். (அப்படி மாறினால் 9-இன் மடங்கு வரும், 9-இன் மடங்கெல்லாம் அப்படி வந்ததாகாது.)

விடை செலவுச் சீட்டுகளில் இருந்தது: ஒரே பில்லுக்கு இரண்டு காசோலை எண்கள். முந்தைய நிதியாண்டின் பிப்ரவரியில் கொடுத்த காசோலை 3 மாதக் கெடு தாண்டிக் காலாவதியாக, ஜூனில் புதியது கொடுத்திருக்கிறார்கள். பழையதை வரவில் எழுதி ஈடுசெய்யாமலே புதியதையும் செலவெழுதியாயிற்று; ஒரே தொகை இருமுறை செலவு. பணமாகாத காசோலைப் பட்டியலில் நடப்பாண்டுக் காசோலைகள் மட்டுமே இருந்ததால் பழையது கண்ணில் படவேயில்லை.

அது பணமாகவில்லை என்று வங்கியிடம் எழுத்துச் சான்று வாங்கினேன். பழைய பக்கத்தில் கைவைக்கவில்லை. அடித்துத் திருத்தினால் அதுவே புதுத் தடை. திருத்தம் எழுதிய நாளின் தேதியிலேயே வரவுப் பக்கத்தில் 18,450 எழுதி, எதிரே பழைய காசோலை எண்ணையும் சீட்டு எண்ணையும் குறித்தேன். சான்று, இரு சீட்டுகளின் நகல், ரொக்கப் புத்தகத்தையும் பாஸ்புக்கையும் ஒப்பிட்டுக் காட்டும் புதிய ஒத்திசைவுப் பட்டியல் மூன்றையும் இணைத்துப் பதில் அனுப்பியதும் தடை நீக்கப்பட்டது.