அறுபத்தோராவது நாள் காலை எங்கே இருந்தீர்கள்?

கடந்த வாரம் மாஜிஸ்திரேட் நீதிமன்ற வராந்தாவில் ஓர் இளம் வழக்கறிஞர், கட்சிக்காரரின் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார். "உயர் நீதிமன்றத்தில் பிணை மனு நிலுவையில் இருக்கிறது அம்மா, அது முடியாமல் இங்கே ஒன்றும் செய்ய முடியாது." ரிமாண்ட் ஆகி, அதாவது நீதிமன்றம் அவரைக் காவலில் வைக்க உத்தரவிட்டு, எத்தனை நாள் என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணி, ஐம்பத்தெட்டு என்றார். எனக்குப் பகீரென்றது. நானும் ஒரு காலத்தில் இதையே சொல்லி ஒரு குடும்பத்தைத் திருப்பி அனுப்பியவன்.

பிணை வழக்குகளில் இளம் வழக்கறிஞர்கள் செய்யும் தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன். வக்காலத்தில் முத்திரை ஒட்டாதது, குற்ற எண்ணைத் தவறாக அடித்தது போன்றவற்றைக் குமாஸ்தாவே திருத்திவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நாளை எண்ணாமல் இருப்பது

போலீசார் குறித்த காலத்துக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், சிறையில் இருப்பவர் பிணை பெறுவது உரிமையாகிவிடுகிறது. மரணம், ஆயுள், பத்து ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்கு 90 நாள், மற்றவற்றுக்கு 60. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 167(2), இப்போது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 187(3). நாங்கள் ஸ்டாட்யூட்டரி பெயில் என்போம். வழக்கின் பலம், பலவீனம் எதுவும் இதில் பேச்சே இல்லை.

ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். குற்றப்பத்திரிகை உள்ளே வருவதற்கு முன் கேட்க வேண்டும்.

என் கட்சிக்காரர் வேலை வாங்கித் தருவதாகப் பணம் பெற்றார் என்று கைதானவர். அறுபது நாள் கணக்கு. வழக்கமான பிணை மனு அமர்வு நீதிமன்றத்தில் தள்ளுபடி. உயர் நீதிமன்றத்தில் வாய்தாவுக்கு மேல் வாய்தா. அறுபத்தோராவது நாள் காலை நான் சென்னையில் வழக்குப் பட்டியலில் எங்கள் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன். அன்று பிற்பகல் விசாரணை அதிகாரி சாவகாசமாக வந்து இறுதி அறிக்கையை, அதாவது குற்றப்பத்திரிகையை, கொடுத்துவிட்டுப் போனார். கட்சிக்காரர் மேலும் எழுபத்திரண்டு நாள் உள்ளே இருந்தார். இடையில் அவருடைய தகப்பனார் இறந்தார். காவலர்கள் சூழ வந்துதான் கொள்ளி வைத்தார். அன்று காலை கொடுத்திருக்க வேண்டிய ஸ்டாட்யூட்டரி பெயில் மனுவை எழுத எனக்கு அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது.

மேல் நீதிமன்றத்தில் வழக்கமான பிணை மனு நிலுவையில் இருப்பது இதற்குத் தடையே இல்லை. ராகேஷ் குமார் பால் வழக்கில் (2017), உயர் நீதிமன்றத்தில் வாய்மொழியாகக் கேட்டதே போதும் என்றது உச்ச நீதிமன்றம். அதை நம்பி வாயால் கேட்டுவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுத்து, நேரம் குறித்து முத்திரை வாங்குங்கள். ஏன் நேரம்? சென்னை போதைப்பொருள் வழக்கான எம். ரவீந்திரன் வழக்கைப் பாருங்கள். அங்கே 180 நாள் கணக்கு. அது முடிந்த மறுநாள் காலை 10.30-க்குப் பிணை மனு; மாலை 4.25-க்குக் குற்றப்புகார் (அங்கே குற்றப்பத்திரிகையின் இடத்தில் அதுதான்). முந்தியது மனுதான் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் பிணையை உறுதிசெய்தது.

எண்ணுவது கைதான நாளிலிருந்து அல்ல, ரிமாண்ட் ஆன நாளிலிருந்து. அந்த நாளும் கணக்கில் சேரும் என்று 2023-இல் தீர்ப்பாகிவிட்டது. ஜனவரி 1 ரிமாண்ட் என்றால், லீப் ஆண்டு அல்லாதபோது, மார்ச் 1 அறுபதாவது நாள். மார்ச் 2 காலை நீதிமன்றம் திறக்கும்போது ரிமாண்ட் செய்த நீதிமன்ற வாசலில் நில்லுங்கள்.

உத்தரவு வந்த பிறகு ஜாமீன்தாரர் தேடுவது

இருநபர் ஜாமீன் (இரண்டு பேர் பொறுப்பேற்க வேண்டும்) என்று உத்தரவானதும் குடும்பம் இனிப்பு வாங்கப் போய்விடுகிறது. மறுநாள்தான் சித்தப்பாவின் வீட்டு வரி ரசீது இறந்துபோன தாத்தா பெயரில் இருப்பது தெரிகிறது. ஆதார், புகைப்படம், ரசீது எல்லாவற்றையும் மனுப் போடும் அன்றே வாங்கி வையுங்கள். ஸ்டாட்யூட்டரி பெயிலில் இது இன்னும் முக்கியம்: குறித்த காலத்தில் ஜாமீன் கொடுக்காவிட்டால் காவல் நீடிக்கும். உண்மையிலேயே ஆள் கிடைக்காத ஏழை என்றால், நிபந்தனையைக் குறைக்க மனுப் போடுங்கள். உத்தரவாகி ஒரு மாதமாகியும் ஜாமீன் கொடுக்க முடியாதபோது நீதிமன்றமே தானாக முன்வந்து நிபந்தனையை மாற்றலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பிணையில் விடத்தக்க குற்றத்துக்கு மன்றாடுவது

சன்ஹிதாவின் பிரிவு 478. பிணை அங்கே உரிமை. கெஞ்சாதீர்கள்.

முன்பு தள்ளுபடியான பிணை மனுவைப் புதிய மனுவில் மறைப்பது

அரசு வழக்கறிஞர் எழுந்து சொல்லிவிடுவார். பிறகு அந்த நீதிபதி முன் உங்கள் வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை.

காவல் நிலையத்தில் போட வேண்டிய நிபந்தனைக் கையெழுத்தைத் தவறவிடுவது

"நாளைக்கு வர வேண்டாம்" என்று ஏட்டு சொல்வது உத்தரவு ஆகாது. தளர்வு மனுப் போட்டு உத்தரவு வாங்கும் வரை, காய்ச்சலானாலும் காவல் நிலையம் போகச் சொல்லுங்கள். படுத்த படுக்கை என்றால் மருத்துவச் சான்றுடன் அன்றே நீதிமன்றத்துக்குத் தெரிவியுங்கள்.