சீக்கிரம் உலர்த்துகிறோம் என்று பூவைக் கெடுத்துவிடாதீர்கள்

மொரீசியஸில் மழைக்காலம் என்றால், எங்கள் கியூர்பிப் மேட்டில் கொடியில் போட்ட துணியே காயாது. அந்த நாளில் பொங்கல் அட்டைக்கென்று இரண்டு டஜன் செம்பருத்தியைக் கனத்த புத்தகத்துக்குள் வைத்தேன். மூன்று வாரம் கழித்துத் திறந்தால் எல்லாவற்றிலும் பூஞ்சணம். அதன்பிறகுதான் மைக்ரோவேவுக்கு மாறினேன்.

அதில் பெரிய தவறு, ஒரேயடியாக இரண்டு நிமிடம் ஓட விடுவது. இதழுக்குள் இருக்கும் நீர் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் பூ அவிந்துவிடும். ரோஜா நிறம் தேநீர் நிறமாகும், ஓரம் பொடிந்து உதிரும். இரண்டு பீங்கான் ஓடுகளுக்கு (டைல்) நடுவே வெள்ளைத்தாள், அதற்குள் பூ. குறைந்த சூட்டில் 20 அல்லது 30 விநாடி போதும். வெளியே எடுத்துப் பிரித்து, ஆவி போகட்டும். ஈரமான தாளை மாற்றிவிட்டு மறுபடி வையுங்கள். புள்ளி புள்ளியாகப் பூப்போட்ட சமையலறை டிஷ்யூ வேண்டாம், அந்த அச்சு இதழில் பதிந்துவிடும். ஸ்டேப்ளர் பின், கம்பி எதுவும் உள்ளே போகக் கூடாது, தீப்பொறி பறக்கும்.

மைக்ரோவேவுக்குப் பதில் இஸ்திரிப் பெட்டி என்றால் அதிலுள்ள தண்ணீரை முதலில் கொட்டிவிடுங்கள். தாளின்மேல் 10, 15 விநாடி அழுத்தி எடுக்க வேண்டும். துணிபோல இழுத்துத் தேய்த்தால் இதழ் மடிந்துவிடும்.

எந்தப் பூ என்பதும் முக்கியம். கள்ளிமந்தாரையில் பால் இருப்பதால் கறுத்துப்போகும். ஆந்தூரியம் தடிமன், அவசரத்துக்கு ஆகாது. சாமந்தியை முழுசாக வைத்தால் நடுவில் அழுகும், இதழ்களைப் பிய்த்துத்தான் வைக்க வேண்டும். எனக்குப் பிடித்தது காகிதப்பூ. நாம் இதழ் என்பது உண்மையில் நிறமேறிய இலை. நீர் குறைவு, நிறமும் நிற்கும். எதையும் பனி காய்ந்தபின், 10 மணி வாக்கில் பறியுங்கள். மொரீசியஸின் தேசியப் பூவான ட்ரொகேஷியாவை மட்டும் தொட வேண்டாம். காட்டில் அது லெ மோர்ன் மலையில்தான் மிஞ்சியிருக்கிறது.

காய்ந்ததா என்று பார்க்க, பூ ஆறியபின் உதட்டில் லேசாக வையுங்கள். குளிர்ச்சி தெரிந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. அதை அப்படியே வைத்து, கண்ணாடிபோல இறுகும் ரெசினை மேலே ஊற்றினால் குமிழும் பழுப்பும் வரும். நன்றாகக் காய்ந்ததை பிஸ்கட் டப்பாவில், மாத்திரை புட்டியில் வரும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடி வையுங்கள்.