“எங்கட சபையில வறுமை எத்தனை வீதம்?”: பதில் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 மே தேர்தலுக்குப் பிறகு வந்த உள்ளூராட்சி சபைகள் திட்ட அறிக்கை எழுதும்போது முதலில் தேடுவது ஒரு வறுமை வீதத்தை. தேவைதான். ஆனால் கையில் கிடைத்த எண்ணைச் சபையின் பெயருக்குக் கீழே போட்டுவிடுவதால் வரும் குழப்பம் கொஞ்சமல்ல.

முதலில் எல்லை. யாழ்ப்பாண மாவட்டத்தில் பிரதேச செயலகப் பிரிவுகள் 15. உள்ளூராட்சி சபைகளோ 17: மாநகர சபை ஒன்று, நகர சபை 3, பிரதேச சபை 13. தென்மராட்சிப் பிரதேச செயலகப் பிரிவுக்குள் சாவகச்சேரி நகர சபையும் உண்டு, சாவகச்சேரி பிரதேச சபையும் உண்டு. பருத்தித்துறை பிரதேச சபையோ வடமராட்சி வடக்கிலும் கிழக்கிலும் பரந்து கிடக்கிறது. வறுமை மதிப்பீடுகள் வருவது பிரதேச செயலகப் பிரிவு வாரியாக. சாவகச்சேரி பஜாரையும் தென்மராட்சியின் கரையோரக் கிராமங்களையும் சேர்த்துக் கணித்த எண், அந்த இரண்டு சபைகளில் எதற்குமே பொருந்தாது. சபைக்கென்று தகவல் வேண்டுமானால் கிராம அலுவலர் பிரிவுகளிலிருந்து கூட்டி வரவேண்டும். மாவட்டத்தில் அப்படி 435 பிரிவுகள்.

“அப்ப விதானையார் (கிராம அலுவலர்) பிரிவு வாரியாக வறுமை வீதம் எடுத்தால் போச்சு” என்பது அடுத்த தவறு. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நடத்தும் வீட்டு வருமான செலவின ஆய்வு நாடு முழுவதற்கும் சுமார் 25,000 வீடுகளையே தெரிவு செய்கிறது. நாட்டில் கிராம அலுவலர் பிரிவுகள் 14,000க்கு மேல். பிரித்துப் பாருங்கள், பிரிவுக்கு இரண்டு வீடுகூட வராது. மாவட்ட மட்டத்துக்கு அந்த ஆய்வு தாங்கும், அதற்குக் கீழே தாங்காது.

சரி, பிரதேச செயலகப் பிரிவு வாரியான வறுமை வரைபடம் எங்கிருந்து வந்தது? திணைக்களமும் உலக வங்கியும் 2015இல் வெளியிட்டது 2012/13 ஆய்வையும் 2012 குடிசன மதிப்பையும் பிணைத்துச் செய்த ஒரு கணிப்பு. குடும்ப அளவு, கல்வி, தொழில், வீட்டின் தரை, சுவர் போன்ற விடயங்கள் இரண்டிலும் இருக்கின்றன. ஆய்வில் இவற்றுக்கும் செலவுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்து, குடிசன மதிப்பில் உள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் ‘இவர்கள் இவ்வளவு செலவு செய்யக்கூடும்’ என்று ஊகிக்கிறார்கள். நல்ல முறைதான், பல நாடுகளில் செய்கிறார்கள். ஆனால் அது அளந்த எண் அல்ல, பிழை வீச்சோடு வரும் மதிப்பீடு. இரண்டு பிரிவுகளுக்கிடையே ஒரு வீத வித்தியாசத்தை வைத்து “நாங்கள்தான் கூட ஏழை” என்று வாதாடுவது வீண்.

யாழ்ப்பாணத்தில் இந்த முறை தடுக்கி விழக்கூடிய இடமும் ஒன்று உண்டு. ஒரே ஒழுங்கையில் ஒரே மாதிரி இரண்டு கல் வீடுகள், இரண்டிலும் ஓ.எல். படித்த தாய், மூன்று பிள்ளைகள். ஒரு வீட்டுக்கு ரொறன்ரோவிலிருந்து மாதாமாதம் காசு வருகிறது, மற்றதுக்கு இல்லை. தரையையும் சுவரையும் பார்க்கிற கணிப்புக்கு இரண்டும் ஒன்றே. வெளிநாட்டில் இருப்பவரின் மாபிள் பதித்த வீட்டைப் பார்த்துக்கொண்டு பின்னறையில் குடியிருக்கும் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். படிவத்தில் அவர்கள் வசதியானவர்கள்!

விலையும் கவனிக்க வேண்டியது. வறுமைக்கோடு, அதாவது அடிப்படைத் தேவைகளுக்கு ஒருவருக்கு மாதம் வேண்டிய குறைந்தபட்சத் தொகை, மாவட்டத்துக்கு மாவட்டம் விலைக்கேற்ப மாறும், மாவட்டத்துக்குள் மாறாது. குறிகாட்டுவானில் படகேற்றி நெடுந்தீவில் இறக்கும் சீமெந்துக்கும் மாவுக்கும் ஏற்றுக்கூலி சேரும். திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்தில் இருப்பவருக்கும் நெடுந்தீவாருக்கும் கோடு ஒன்றுதான்.

முன்னைய சமுர்த்தி அல்லது இப்போதைய அஸ்வெசும அரச உதவி பெறுவோர் பட்டியலை வறுமை வீதமாக எழுதுவதும் நடக்கிறது. அஸ்வெசும 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளியிட்டுத் தெரிவு செய்யும் உதவித் திட்டம். விண்ணப்பிக்காதவர் அதில் இல்லை. தகுதியில்லாமல் உள்ளே வந்தவரும் உண்டு, வெளியே நிற்கிற ஏழையும் உண்டு.

ஆண்டுகளை ஒப்பிடும்போது எந்த வறுமைக்கோடு என்று பாருங்கள். 2016இல் தேசிய வறுமை 4.1 வீதம், 2019இல் 14.3 வீதம். மூன்று வருடத்தில் மூன்று மடங்கா? இல்லை. முதலாவது 2002ஐ அடிப்படையாகக் கொண்ட பழைய கோடு, இரண்டாவது 2012/13ஐ அடிப்படையாகக் கொண்ட புதியது. 2019இல் அந்தக் கோடு ஆளொருவருக்கு மாதம் 6,966 ரூபா. 2022 விலையேற்றத்துக்குப் பிறகு அது இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. ஆகவே 2019 ரூபாக் கணக்கை வைத்து இன்றைய குடும்பத்தைத் தரம்பிரிக்கக் கூடாது.

வீதமும் தொகையும் வேறு வேறு. 5,000 பேர் உள்ள பிரிவில் 30 வீதம் என்றால் 1,500 பேர். 60,000 பேர் உள்ள பிரிவில் 8 வீதம் என்றாலும் 4,800 பேர். நிதியை வீதத்தைப் பார்த்து மட்டும் பகிர்ந்தால் நகரப்பக்கத்து ஏழைகள் கணக்கில் காணாமல் போவார்கள். தொகையை மட்டும் பார்த்தால் தீவுகள் காணாமல் போகும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்து நிரல்களில் போடுங்கள்.

கடைசியாக, வலிகாமம் வடக்கு. 2012இல் குடிசன மதிப்பு எடுத்தபோது அங்கு பெருமளவு காணி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. 2015க்குப் பிறகு கட்டம் கட்டமாக விடுவித்த இடங்களில் இன்று குடியிருப்போர் பழைய வரைபடத்தில் அந்த இடத்தில் இல்லவே இல்லை. இந்தச் சபையின் அறிக்கை எழுதுபவர்கள் 2015 வரைபடத்தை மறந்துவிட்டு, பிரதேச செயலகத்தின் மீள்குடியேற்றப் பதிவுகளையும் 2024 குடிசன மதிப்பின் தொகைகளையும் வைத்துத் தொடங்குவது நல்லது.