சம்பளம் குறைந்துவிட்டதா? கிரெடிட் கார்டு வங்கியிடம் சொல்வது எப்படி

ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலையில் ஓவர்டைம் நின்றுபோனாலும், ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஆள் குறைத்தாலும், வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் வீட்டில் ஒருவரைச் சேர்த்து சேமிப்பு கரைந்தாலும், பில் கட்டும் கடைசித் தேதிக்கு முன்பே வங்கியிடம் சொல்லிவிடுங்கள். தேதி தாண்டி 3 நாளுக்கு மேல் போனால்தான் லேட் ஃபீ போடலாம், கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் சிபிலுக்குத் தகவல் தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆனால் அந்த 3 நாளிலும் வட்டி ஓடும்.

முதல் வேலை, மொபைல் எண். கம்பெனி கொடுத்த சிம்மும் மெயிலும் கார்டில் பதிவாகியிருந்தால், வேலையை விட்ட பிறகு ஓடிபி உங்களுக்கு வராது. சொந்த எண்ணுக்கு உடனே மாற்றுங்கள்.

அடுத்து, பேப்பரில் கணக்குப் போடுங்கள். பாக்கி 40,000 ரூபாய், மினிமம் டியூ (அந்த மாதம் கட்டியே ஆகவேண்டிய குறைந்தபட்சத் தொகை) 5 சதவீதம் என்றால் 2,000. மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் 1,400, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 252. நீங்கள் கட்டும் 2,000-இல் அசலுக்குப் போவது வெறும் 348. மினிமம் மட்டும் கட்டிக்கொண்டே போவது ஏன் ஆபத்து என்பது இதிலேயே தெரியும். இதே 40,000-ஐ ஆண்டுக்கு 18 சதவீத வட்டியில் 18 மாத இஎம்ஐ ஆக்கினால் மாதம் சுமார் 2,550 (வட்டிக்கு ஜிஎஸ்டி தனி), கடனும் முடியும்.

இனி போன் செய்யுங்கள். கார்டின் பின்பக்கம் உள்ள எண்ணுக்கு மட்டும். கூகுளில் தேடிக் கிடைக்கும் 'கஸ்டமர் கேர்' பல நேரம் மோசடி. வேலூர் ஆபீசர்ஸ் லைனில் உள்ள வங்கிக் கிளைக்கு அலைந்தும் பெரும்பாலும் பயனில்லை, கார்டு பிரிவு தனி. 'கஷ்டமா இருக்கு' என்று மட்டும் சொன்னால் வேலை நடக்காது, தொகையைச் சொல்லுங்கள். பேசி முடித்ததும் சர்வீஸ் ரிக்வெஸ்ட் எண் வாங்கி, அன்றே மெயிலும் போடுங்கள்:

"இந்த மாதம் முதல் என் சம்பளம் 24,000-லிருந்து 15,000 ஆகக் குறைந்துள்ளது. மாதம் 3,000 வரை கட்ட முடியும். பாக்கி 40,000-ஐ 18 மாத இஎம்ஐ ஆக மாற்றித் தரவும். சம்பள ரசீது இணைத்துள்ளேன்."

வேலையே போயிருந்தால் ரிலீவிங் லெட்டர், மருத்துவச் செலவென்றால் டிஸ்சார்ஜ் சம்மரி இணைக்கலாம். பிராசசிங் கட்டணம் எவ்வளவு என்று கேட்காமல் சம்மதிக்காதீர்கள்.

பலர் மறப்பது ஆட்டோ டெபிட், அதாவது சேமிப்புக் கணக்கிலிருந்து பில் தொகை தானாகப் பிடிக்கப்படுவது. முழுத் தொகைக்குப் போட்டிருந்து கணக்கில் பணமில்லாவிட்டால், சேமிப்புக் கணக்கு வங்கியும் கார்டு வங்கியும் தனித்தனியாக அபராதம் போடும். சில நாள் முன்னதாகவே மினிமம் டியூவுக்கு மாற்றிவிடுங்கள்.

'செட்டில்மெண்ட் பண்ணிக்கலாம்', அதாவது பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டிக் கணக்கை முடிக்கலாம் என்று வங்கியே சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். தள்ளுபடி இனிக்கும், சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று விழுந்தால் நாளை வீட்டுக்கடன் கேட்கும்போது உறுத்தும். இஎம்ஐக்கு வழியே இல்லாதபோதுதான் அது.

வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7-க்குப் பிறகோ கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் தேதி, நேரம் குறித்து வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி ஒம்பட்ஸ்மனிடம் (வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் அதிகாரி) போகலாம். 14448-க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். அப்போது முதலில் கேட்பது, வங்கிக்கு நீங்கள் அனுப்பிய அந்தப் புகாரின் நகலைத்தான்.