எழும்பிய வினைல் தரை: என் அனுபவம்

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் உள்ள என் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கூடத்தில், பலகைகளைப் பசையின்றி ஒன்றோடொன்று பூட்டிப் போட்ட வினைல் தரை, பிற்பகல் வெயில் பட்டதும் நடுவில் மேடாக எழும்பி, மிதித்தால் டக்கென்று சத்தமிட்டது. அரிசி மூட்டையைப் பாரமாக வைத்ததும் இணைப்பில் பசை செலுத்தியதும் பயன் தரவில்லை. ஆறு நாள்கள் வீணாயின.

பிறகு, தரை போடுவதில் முறையான பயிற்சி பெற்ற ஒருவரை அழைத்தேன். அவர் சுவரோரப் பட்டியைக் கழற்றி, பலகைகள் விரிவதற்காகச் சுவரோரம் விடும் இடைவெளியை அளந்தார். அது சரியாகவே இருந்தது. அடுத்து, கைவிளக்குடன் காலணி அலமாரிக்கு அடியில் பார்த்தார். முன்பு வேலை செய்தவர் அலமாரியைப் பலகைகளின் ஊடே திருகாணியால் இறுக்கியிருந்ததால், வெப்பத்தில் விரிந்த பலகைகள் நகர வழியின்றிப் புடைத்திருந்தன. அந்த நான்கு திருகாணிகளை எடுத்து, அலமாரியைச் சுவரில் பொருத்தினார். மறுநாள் மாலைக்குள் தரை படிந்தது, பெரும் நிம்மதி.