நண்பரின் எம்எஸ் சிகிச்சைக்குப் பணம் திரட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எம்எஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வந்த ஒருவருக்காக நண்பர்கள் கூடிப் பணம் திரட்டும்போது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். விபத்துக்கோ அறுவை சிகிச்சைக்கோ திரட்டுவது போல ஒரு பெரிய தொகையைச் சொல்லி, ஒரு மாதம் ஓடியாடி, வந்ததைக் கையில் கொடுத்துவிட்டு, நம்மால் முடிந்ததைச் செய்தாயிற்று என்று கலைந்துவிடுகிறார்கள். இந்த நோய் அப்படிப்பட்டது இல்லை. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புகளின் மேலுறையைத் தாக்குவதால் வருவது இது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது, ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது, முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை கிடையாது. இருக்கிற மருந்துகள் அடுத்த தாக்குதலைக் குறைக்கவும் தள்ளிப்போடவும் செய்பவை, அவற்றை வருடக் கணக்கில் விடாமல் எடுக்க வேண்டும். ஆக, உங்கள் நண்பருக்கு இந்த மாதம் 5 லட்சம் கிடைப்பதைவிட அடுத்த ஐந்து வருடமும் பணம் நிற்காமல் வருவதுதான் முக்கியம். நான் பார்த்த தவறுகளில் முக்கால்வாசி இதைப் புரிந்துகொள்ளாததால் வந்தவைதான்.

கணக்கே போடாமல் தொகை சொல்வது

2021ல் முதுகுத் தண்டுவடத் தசைநார் சிதைவு என்ற மரபணு நோய் வந்த குழந்தைகளுக்காக 16 கோடி ரூபாய் ஊசி வாங்கத் தமிழ்நாடே பணம் திரட்டியது பலருக்கு நினைவிருக்கும். அது எஸ்எம்ஏ, இது எம்எஸ். பெயர் ஒன்றுபோல ஒலிப்பதால் "அந்த ஊசிதானே, அரசாங்கம் வரிவிலக்குக் கொடுத்ததே" என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு நோய்கள், எம்எஸ்ஸுக்கு அப்படி ஒரே ஊசி என்று எதுவும் இல்லை. உங்கள் வேண்டுகோளிலேயே இதை ஒரு வரியில் தெளிவாக்கிவிடுங்கள்.

எம்எஸ் மருந்துகளின் விலை மாத்திரைக்கு மாத்திரை, ஊசிக்கு ஊசி பெரிய அளவில் வேறுபடும். டைமெத்தில் ஃபுமரேட், டெரிஃப்ளுனமைடு போன்ற மாத்திரைகளை இந்திய நிறுவனங்களே தயாரிக்கின்றன. ஒக்ரெலிசுமாப் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவது, விலை மிக அதிகம். ரிட்டக்சிமாப் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் வந்த மருந்து என்றாலும் பல நாடுகளில் நரம்பியல் மருத்துவர்கள் அதை எம்எஸ்ஸுக்கும் கொடுக்கிறார்கள், இந்தியத் தயாரிப்பு கிடைப்பதால் செலவு குறைகிறது. எது பொருந்தும் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், வாட்ஸ்ஆப் குழு சொல்லக் கூடாது. ஆனால் நோயாளியுடன் போகும் நீங்கள் இரண்டு கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும்: இந்த மருந்துக்கு வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆகும்? இரண்டாம் வருடம் பணம் வராவிட்டால் எந்த மருந்துக்கு, எப்படி மாறுவது?

இந்த இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. நாட்டாலிசுமாப், ஃபிங்கோலிமாட் போன்ற சில மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால் நோய் முன்பைவிட வேகமாகத் திரும்பித் தாக்கலாம். ஒரு தடவை திரட்டிய பணத்தில் விலை உயர்ந்த மருந்தைத் தொடங்கி, பணம் தீர்ந்ததும் பாதியில் விட்டால் நண்பருக்கு நன்மையைவிடத் தீமைதான் அதிகம் செய்தோம் என்றாகிவிடும். அதனால் அடுத்த தவணைக்கான பணம் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும், தவணைத் தேதிக்கு ஒரு மாதம் முன்பாவது அது தயாராக இருக்க வேண்டும்.

மருந்து மட்டும் செலவில்லை. குறிப்பிட்ட இடைவெளியில் எம்ஆர்ஐ, ரத்தப் பரிசோதனை, திடீரென்று தாக்குதல் வந்தால் மூன்று முதல் ஐந்து நாள் ஸ்டீராய்டு ஊசி, பிசியோதெரபி, நடக்க முடியாத நாட்களில் ஆட்டோ, உடன் போகும் அம்மாவோ கணவரோ இழக்கும் சம்பளம், எல்லாம் இருக்கிறது. வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உடல் சூடு ஏறினாலே எம்எஸ் உள்ளவர்களுக்குப் பார்வை மங்கும், கால் துவளும். சென்னையிலோ வேலூரிலோ மே மாதத்தில் இவர்களுக்கு ஏசி ஆடம்பரம் கிடையாது, அது சிகிச்சையில் சேர்ந்தது. மின்கட்டணத்தைப் பட்டியலில் போட வெட்கப்படாதீர்கள், ஏன் என்று ஒரு வரி எழுதினால் கொடுப்பவர்களுக்குப் புரியும்.

அப்புறம், நோய் எம்எஸ்தானா என்பது உறுதியாகட்டும். என்எம்ஓ என்ற இன்னொரு நோயும் இதே மாதிரி கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும், ஆனால் சில எம்எஸ் மருந்துகள் அதை மோசமாக்கிவிடும். அதைப் பிரித்துக் காட்ட அக்குவாபோரின்-4 ஆன்டிபாடி என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அது செய்தாயிற்றா என்று கேளுங்கள், தேவைப்பட்டால் பெங்களூரு நிம்ஹான்ஸ், வேலூர் சிஎம்சி, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா, புதுச்சேரி ஜிப்மர், சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை என ஏதாவது ஒரு நரம்பியல் துறையில் இரண்டாவது கருத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கையில் இருப்பதைப் பார்க்காமலே ஊரைக் கேட்பது

முதலில் பழைய காப்பீட்டுப் பத்திரங்களை எடுங்கள். கடும் நோய்களுக்கான கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசியோ, ஆயுள் காப்பீட்டோடு சேர்த்து எடுக்கும் அந்தக் கூடுதல் பாதுகாப்போ (ரைடர்) எடுத்திருந்தால், அவற்றில் பல பாலிசிகளில் எம்எஸ் இருக்கும். அதற்கான பொதுவான வரையறையில், அறிகுறிகள் தொடர்ந்து ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. ஏதோ ஒரு ஏஜென்ட் சொன்னார் என்று என்றோ எடுத்துவிட்டு மறந்துபோன பாலிசி பலர் வீட்டு பீரோவில் கிடக்கிறது.

மருத்துவக் காப்பீடு என்றால், "ஊசி ஏற்றிவிட்டு அன்றே வீட்டுக்குப் போய்விடுகிறார், அதனால் கிளெய்ம் வராது" என்று யாராவது சொன்னால் அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஊசியாகக் கொடுக்கப்படும் மோனோகுளோனல் ஆன்டிபாடி சிகிச்சையை விலக்கி வைக்கக் கூடாது என்று 2019லேயே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் வழிகாட்டுதல் வந்துவிட்டது. நிறுவனங்கள் உச்சவரம்பு வைக்கலாம், ஒரேயடியாக இல்லை என்று சொல்ல முடியாது. ரிட்டக்சிமாப், ஒக்ரெலிசுமாப் இரண்டும் அந்த வகை மருந்துகள்தான். வேலை செய்யும் கம்பெனியின் குழுக் காப்பீட்டில் பெரும்பாலும் முன்பே இருக்கும் நோய்க்கும் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு இருக்கும், அதனால் நண்பர் மனமுடைந்து வேலையை விடுகிறேன் என்று சொன்னால் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள், வேலையோடு அந்தப் பாதுகாப்பும் போய்விடும்.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு, வருமான வரம்பும் எந்தெந்தச் சிகிச்சைக்கு என்ற பட்டியலும் உண்டு. உங்கள் நண்பரின் சிகிச்சை அதில் வருகிறதா என்று மருத்துவமனையில் இருக்கும் திட்ட அலுவலரிடமே கேட்டுவிடுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் எம்எஸ்ஸும் ஒன்று. அரசுத் தாள்களில் தண்டுவட மரப்பு நோய் என்று இருக்கும். அடையாள அட்டை வாங்குவது, மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை கிடைக்குமா என்பது இரண்டையும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். இந்தியாவின் எம்எஸ் சங்கமான எம்எஸ்எஸ்ஐ 1985 முதல் இயங்குகிறது, சென்னையிலும் கிளை உண்டு. மருந்து நிறுவனங்களின் உதவித் திட்டங்கள் பற்றி அங்கே இருக்கும் மற்ற நோயாளிகளுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. இதையெல்லாம் செய்துவிட்டு மீதிக்குத்தான் கேட்கிறோம் என்று எழுதினால் கொடுப்பவர்களின் நம்பிக்கையே வேறு மாதிரி இருக்கும்.

உங்கள் சொந்தக் கணக்கில் பணம் வாங்குவது

இதுதான் மிகவும் சாதாரணமாகவும், மிகவும் ஆபத்தாகவும் நடப்பது. "என் ஜிபே நம்பருக்குப் போடுங்க, நான் சேர்த்துக் கொடுத்துடறேன்" என்று நல்லெண்ணத்தில் சொல்லிவிடுகிறோம். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பாக வந்தால் முழுத் தொகையும் வருமானமாகக் கணக்கில் வரும் என்பது வருமான வரிச் சட்டம். நண்பர்கள் அந்தச் சட்டத்தின்படி உறவினர் கிடையாது. உங்கள் கணக்கில் விழுந்தால் நீங்களும், நோயாளியின் கணக்கில் விழுந்தால் அவரும் பதில் சொல்ல வேண்டிவரும். இன்னொன்று, எண்ணை ஊரெல்லாம் பரப்பும்போது எங்கோ மோசடியில் பறிபோன பணம் ஒன்று உங்கள் கணக்குக்கு வந்துவிட்டால், சைபர் குற்றப் புகாரில் கணக்கே முடக்கப்படலாம். ஊசி போட வேண்டிய வாரத்தில் அது நடந்தால் என்ன செய்வீர்கள்?

முடிந்தவரை பணம் மருத்துவமனையின் கணக்குக்கு, நோயாளியின் பதிவு எண்ணைக் குறிப்பிட்டு நேரடியாகப் போகட்டும். மருத்துவமனைகளுக்கு யுபிஐயில் ஒரு தடவைக்கு 5 லட்சம் ரூபாய் வரை அனுப்பலாம். அல்லது பதிவு செய்த அறக்கட்டளை ஒன்று ஏற்றுக்கொண்டால் அதன் வழியாகப் போகட்டும், வருமான வரி விலக்குக்கான 80ஜி ரசீது வேண்டும் என்று கேட்பவர்களுக்கும் அதுதான் வழி. தனிமனிதருக்குக் கொடுத்தால் 80ஜி விலக்கு கிடையாது, கிடைக்கும் என்று தெரியாமல் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். மிலாப், கேட்டோ, இம்பாக்ட் குரு போன்ற தளங்களுக்குப் போவதானால் பேமென்ட் கட்டணம், டிப், விளம்பரத்துக்குப் பிடிப்பது ஆகியவை போக நோயாளிக்கு எவ்வளவு வரும், எத்தனை நாளில் வரும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு தொடங்குங்கள்.

வெளிநாட்டுப் பணத்தில் ஒரு நுணுக்கம். துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும், இன்னும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நண்பர் தன் சேமிப்பிலிருந்து அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகாது. ஆனால் கனடாவிலோ மலேசியாவிலோ குடியுரிமை பெற்றுவிட்டவர், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைகளை முறைப்படுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்தான். அவர் பணத்தைப் பொது நிதியில் கலக்கும் முன் ஒரு ஆடிட்டரைக் கேளுங்கள்.

நண்பரைக் கேட்காமல் அவர் கதையை எழுதுவது

வேண்டுகோளை நண்பரே படித்துப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் வெளியே போக வேண்டும். கட்டிலில் படுத்திருக்கும் படம், அழும் படம், டிஸ்சார்ஜ் சம்மரியை முகவரியோடும் தொலைபேசி எண்ணோடும் அப்படியே போடுவது, எதுவும் வேண்டாம். எம்எஸ் வந்தவர்கள் பலர் நாளைக்கு வேலைக்குப் போகப் போகிறவர்கள், கல்யாணம் செய்யப் போகிறவர்கள், குழந்தை பெறப் போகிறவர்கள். இன்று நீங்கள் போடும் பதிவு பத்து வருடம் கழித்தும் அவர் பெயரைத் தேடினால் வந்து நிற்கும். முழுப்பெயர் இல்லாமல், தெரிந்தவர் வட்டத்துக்குள்ளேயே, பள்ளிக் குழு, கல்லூரிக் குழு, பழைய அலுவலகக் குழு என்று கேட்டாலே இந்த நோய்க்குத் தேவையான பணம் பல சமயம் வந்துவிடும்.

அனுதாபம் வர வேண்டும் என்று "இன்னும் சில நாட்கள்தான்" என்றெல்லாம் எழுதவே கூடாது. அது பொய். எம்எஸ் உள்ள பெரும்பாலானவர்கள் பல பத்து ஆண்டுகள் வாழ்கிறார்கள். அந்தப் பொய் நண்பரின் அம்மா கண்ணில் பட்டால் அவர் மனம் என்ன பாடுபடும் என்று நினைத்துப் பாருங்கள். உள்ளதை அப்படியே சொல்லுங்கள்: சில மாதம் நன்றாக இருப்பார், திடீரென்று ஒரு கண் மங்கும், ஒரு பக்கம் மரத்துப்போகும், பிறகு ஓரளவு தேறுவார், தேறாமல் மிச்சம் நிற்பதுதான் கொஞ்சம் கொஞ்சமாக ஊனமாக மாறும், அதைத் தடுக்கத்தான் மருந்து. இதை முதலிலேயே எழுதாவிட்டால் இரண்டு மாதம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அவர் சிரித்துக்கொண்டிருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு "நல்லாத்தானே இருக்கா, இதுக்கா காசு வாங்கினாங்க" என்று யாராவது பேசுவார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்தே வீட்டை விட்டு வெளியே வராமல் இருப்பவர்கள் உண்டு. அந்த நிலைமை நம்மால் ஒருவருக்கு வரக் கூடாது.

ஸ்டெம் செல் ஆசையில் பணத்தை இறைப்பது

வேண்டுகோள் பரவியதும் "ஸ்டெம் செல் போட்டால் முழுசாகக் குணமாகும்" என்று யாராவது தொடர்புகொள்வார்கள். நோயாளியின் சொந்த ரத்த ஸ்டெம் செல்லை எடுத்துவைத்து, கீமோதெரபி கொடுத்து, பிறகு திரும்ப ஏற்றும் சிகிச்சை ஒன்று உண்மையில் இருக்கிறது. வேகமாக முற்றும் எம்எஸ் உள்ள சிலருக்கு, பெரிய மருத்துவமனைகளில், ஆபத்துகளை எடைபோட்டுச் செய்யப்படுவது அது. தண்டுவடத்தில் ஊசி போட்டே நரம்பைப் புதுப்பித்துவிடுவோம் என்று லட்சக் கணக்கில் கேட்கும் கிளினிக்குகள் வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய் போன்றவற்றுக்கு ஏற்கப்பட்ட சிகிச்சைகளைத் தவிர ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வில் மட்டுமே பயன்படுத்தலாம். ஆய்வு என்று சொல்லிக்கொண்டே பணமும் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

வசூல் முடிந்ததும் கலைந்துவிடுவது

இருபது நண்பர்கள் மாதம் ஆளுக்கு 1,000 ரூபாய் போட்டால் வருடத்துக்கு 2,40,000 ரூபாய். யுபிஐ ஆட்டோபேயில் போட்டுவிட்டால் யாரும் யாரையும் நினைவுபடுத்த வேண்டாம், நண்பரும் ஒவ்வொரு முறையும் கேட்கக் கூச வேண்டாம். மாதா மாதம் வரும் இந்தச் சின்னத் தொகைதான் எம்எஸ் நோயாளியின் மருந்தைக் காப்பாற்றும், வைரலாகும் பதிவு காப்பாற்றாது. வரவு செலவை இரண்டு பேர் பார்க்கட்டும், பில்லின் படத்தை நோய் விவரங்களை மறைத்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை குழுவில் போடுங்கள். கூடுதலாகப் பணம் வந்தால் அடுத்த வருட மருந்துக்கு வைப்பதா, இன்னொரு நோயாளிக்குக் கொடுப்பதா என்பதை முதல் ரூபாய் வாங்கும் முன்பே எழுதி வையுங்கள். உங்கள் வேண்டுகோளை அப்படியே எடுத்து, எண்ணையும் கியூஆர் கோடையும் மட்டும் மாற்றிப் பரப்பும் மோசடிக்காரர்கள் உண்டு. தெரிந்த உடனே குழுவுக்குச் சொல்லிவிட்டு சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.

வருடத்துக்கு ஒரு முறை, எம்ஆர்ஐ முடிவு வந்ததும், நண்பரோடு உட்கார்ந்து மருந்து அதேதானா, செலவு கூடுமா குறையுமா, மாதத் தொகை போதுமா என்று புதிதாகக் கணக்குப் போடுங்கள். விலகிக்கொள்ள விரும்புகிறவர்கள் அப்போது விலகட்டும், அவர்கள் இடத்துக்கு ஆள் தேட மூன்று மாதமாவது அவகாசம் கிடைக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.