மனித உரிமை ஆலோசகரை அமர்த்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடக்கு, கிழக்கில் வெளிநாட்டு நிதியில் நடக்கும் திட்டங்களில் புதிதாகச் சேர்ந்த தம்பி தங்கைகள் சிலர் ஆலோசகர் செய்ய வேண்டிய வேலையை வரையறுக்கும் டி.ஓ.ஆர். ஆவணங்களின் வரைவுகளை எனக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்கிறார்கள். இறங்குதுறை, வீதி, காற்றாலை, வீடமைப்பு என்று திட்டங்கள் வேறு வேறு. எல்லாவற்றிலும் "சர்வதேச மனித உரிமை ஆலோசகர் ஒருவர் தேவை" என்ற வரி இருக்கிறது. போர் முடிந்த கையோடு இந்த வேலைக்கு வந்த எங்கள் ஆட்கள் செய்த அதே பிழைகளும் அப்படியே இருக்கின்றன. விளம்பரத்தில் கடைசித் திகதி விடுபடுவது, தகைமைகளைக் குழப்பி எழுதுவது போன்றவற்றை அலுவலகத்தில் யாராவது பார்த்துத் திருத்திவிடுவார்கள். கிராமத்தில் இருப்பவர்களுக்குச் சேதம் தரும் பிழைகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ஏன் என்று கேட்காமல் "சர்வதேச" என்று போடுவது

வெளியிலிருந்து ஒருவர் வரவேண்டிய தேவை உண்மையிலேயே இருக்கலாம். உள்ளூர் ஆய்வாளர் எழுதினால் அவருக்கே ஆபத்தாகும் விடயத்தை, வேலை முடிந்ததும் விமானம் ஏறக்கூடியவர் எழுதலாம். கடன் தரும் வங்கியின் விதிகளை அந்த வங்கிக்காரர்களோடு சரிக்குச் சரி நின்று வாதாடத் தெரிந்தவரும் தேவைப்படலாம். "நிதி தருபவர் விரும்புவார்" என்பது மட்டும் காரணமென்றால், அந்தப் பணத்துக்கு இங்கேயே இரண்டு நல்ல சட்டத்தரணிகளை அமர்த்தலாம்.

வெளிநாட்டவர்தான் வேண்டும் என்று முடிவெடுத்தால், மனித உரிமையில் எந்தப் பகுதி என்பதையும் எழுதுங்கள். ஜெனீவாவிலுள்ள ஐ.நா. மனித உரிமைக் குழுக்களுக்கு அறிக்கை எழுதுவதில் இருபது வருட அனுபவம் உள்ளவருக்குக் காணிப் பிரச்சினை புரியும் என்ற உத்தரவாதம் கிடையாது. நேர்முகத்தில் நான் எப்போதும் கேட்கும் கேள்வி இதுதான்: "காணி உறுதி வைத்திருப்பவர், அனுமதிப்பத்திரம் கைக்கு வராமல் உரிமை கோருபவர், எந்தக் காகிதமும் இல்லாமல் பல வருடம் குடியிருப்பவர். இந்த மூவரையும் உங்கள் முந்தைய வேலையில் எப்படிக் கையாண்டீர்கள்?" 2018 முதல் நடைமுறையில் உள்ள உலக வங்கியின் சுற்றாடல், சமூகக் கட்டமைப்பின் ஐந்தாவது நியமம் இந்த மூன்று வகையினரையும் பிரித்தே பார்க்கிறது. காணி சம்பந்தமான வேலைக்கு வருபவர் இதற்குத் தடுமாறினால், அவருடைய சுயவிபரக் கோவை எத்தனை பக்கமாக இருந்தாலும் வேறு ஆளைப் பாருங்கள்.

ஆளை மதிப்பிட, அவர் முன்பு எழுதிய அறிக்கை ஒன்றைக் கேளுங்கள். பரிந்துரைப்பவர்களில் ஒருவராவது அவரை அமர்த்தாத பக்கத்தைச் சேர்ந்தவராக, அதாவது அவர் வேலை செய்த இடத்துச் சங்கத்தவராகவோ உள்ளூர் அமைப்பைச் சேர்ந்தவராகவோ இருக்கட்டும்.

எல்லாம் முடிவான பிறகு கூப்பிடுவது

கொழும்பு–மாத்தறை அதிவேகப் பாதையின் கதை இந்தத் துறைக்கு வரும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சுற்றாடல் மதிப்பீடு செய்த பாதை ஒன்று. இறுதியில் சில இடங்களில் எடுக்கப்பட்ட பாதை வேறொன்று. புதிய பாதையில் காணி இழந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அவர்கள் வழக்குப் போட்டார்கள். 2004 ஜனவரியில் நாட்டின் உயர் நீதிமன்றம் அவர்களுடைய உரிமை மீறப்பட்டிருக்கிறது என்று கண்டு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பாதை மாறவில்லை. ஆசிய அபிவிருத்தி வங்கியும் கடன் கொடுத்திருந்ததால் முறைப்பாடு அந்த வங்கியின் பொறிமுறைக்கும் போனது. இவ்வளவு பேர் இவ்வளவு காலம் அலைந்தும், தீர்ப்பு வரும்போது வரைபடத்தை மாற்றும் கட்டம் கடந்துவிட்டிருந்தது.

ஆகவே டி.ஓ.ஆரின் முதல் பக்கத்திலேயே, இந்தத் திட்டத்தில் இன்னும் எடுக்கப்படாத முடிவுகள் எவை என்று எழுதுங்கள். இறங்குதுறையின் இடமா? கரைவலை இழுக்கும் இடங்களான பாடுகளுக்குப் போகும் பாதையா? கொந்தராத்துக்காரர் எந்த ஊர் ஆட்களை வேலைக்கு எடுப்பார் என்பதா? அந்தப் பட்டியலில் எழுத ஒன்றுமே இல்லையென்றால் ஆலோசகரை அமர்த்தாதீர்கள், பணத்தை நட்ட ஈட்டுக்குப் போடுங்கள். காணி எடுக்க வேண்டிய திட்டமென்றால், 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டத்தின் 2ஆம் பிரிவு அறிவித்தல், அதாவது காணி பொதுத் தேவைக்கு வேண்டும் என்ற அறிவித்தல், ஒட்டப்படுவதற்கு முன்பே அவர் களத்தில் இருக்க வேண்டும். அறிவித்தல் ஒட்டிய பிறகு நடக்கும் கூட்டத்தில் மக்கள் நட்ட ஈட்டைப் பற்றி மட்டும்தான் கதைப்பார்கள். வேறு எதைப் பற்றிக் கதைத்தும் பயனில்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

மொழிபெயர்ப்பாளர்

கிராம உத்தியோகத்தர் வேண்டாம், திட்ட உத்தியோகத்தரும் வேண்டாம். பெண்களோடு கதைக்கப் பெண் ஒருவர், அதே ஊரைச் சேராதவர். அவருடைய நாட்சம்பளம் ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.

"திரட்டியவை அனைத்தும் நிறுவனத்துக்கே உரியவை"

இந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அதனால் நீளமாகவே எழுதப் போகிறேன்.

ஆலோசகர் ஒப்பந்தப் படிவம் அனேகமான நிறுவனங்களில் ஒன்றுதான். பாலத்துக்கு வரைபடம் போடும் பொறியியலாளருக்கும், கணக்கு மென்பொருள் செய்பவருக்கும், மனித உரிமை ஆய்வாளருக்கும் அதே படிவம். வேலையின்போது தயாரிக்கப்படும், திரட்டப்படும் ஆவணங்கள், தரவுகள், ஒலிப்பதிவுகள் எல்லாம் அமர்த்துபவருக்குச் சொந்தம் என்று அதில் எழுதியிருக்கும். பாலத்தின் வரைபடம் என்றால் சரி. மனித உரிமை ஆய்வில் தரவு என்பது, இராணுவ முகாமுக்குப் பக்கத்தில் வாழும் ஒரு பெண் தன் காணிக்குள் யார் வந்து போகிறார்கள், யாரிடம் முறையிட்டார், முறையிட்ட பிறகு என்ன நடந்தது என்று சொன்ன விபரம். அவருடைய பெயர், குரல், வீடு இருக்கும் ஒழுங்கை எல்லாம் அதில் இருக்கின்றன.

அமர்த்துபவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடன்களில் கடன் வாங்குவது அரசு. பல வேளைகளில் ஆலோசகரை அமர்த்துவது ஓர் அமைச்சின் கீழுள்ள திட்ட அலுவலகம். அந்தப் பெண் எந்த அரச இயந்திரத்தைப் பற்றி முறையிட்டாரோ, அதே இயந்திரத்தின் கோப்புக்குள் அவருடைய பெயர் போவதற்கு நம்முடைய ஒப்பந்தமே வழி வெட்டிக் கொடுக்கிறது.

ஒப்பந்தத்தில் மட்டும் இது நின்றுவிடுவதில்லை. வடக்குக் கரையோரத்தில் ஒரு திட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வந்திருந்த ஆலோசகர் நல்ல அனுபவசாலி. பெண்களைத் தனியாகச் சந்திக்க வேண்டும் என்று தானே கேட்டு வாங்கியவர். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கட்டடத்தில் கூட்டம், பிளேன்டீயும் ரோல்ஸும். சிற்றுண்டிப் பற்றுச்சீட்டைக் கணக்குப் பிரிவு ஏற்க வேண்டுமென்றால் வரவு இடாப்பு வேண்டும். பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், ஒப்பம். கள உத்தியோகத்தர் தாளை நீட்டினார், பெண்களும் வழமைபோல ஒப்பமிட்டார்கள். ஆலோசகர் அறிக்கையில் ஒரு பெயரையும் போடவில்லை. "பெண் 1, பெண் 2" என்று அவ்வளவு கவனமாக எழுதியிருந்தார். ஆனால் கூட்டம் நடந்ததற்கு ஆதாரம் வேண்டும் என்று யாரோ சொல்ல, இடாப்பு ஸ்கேன் செய்யப்பட்டு அறிக்கையின் பின்னிணைப்பில் சேர்ந்துவிட்டது. வரைவு "அபிப்பிராயத்துக்காக" சம்பந்தப்பட்ட திணைக்களங்களுக்கெல்லாம் மின்னஞ்சலில் போனது.

கொஞ்ச நாளில், எங்கிருந்து வருகிறோம் என்று சொல்லாத ஆட்கள் அந்தப் பெண்களில் இருவரின் வீடுகளுக்குப் போய், வெளிநாட்டவரிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டார்கள். சங்கச் செயலாளராக இருந்தவர் பதவியை விட்டுவிட்டார். அதன் பிறகு எந்தத் திட்டக்காரரின் கூட்டத்துக்கும் அவர் வரவில்லை. ஆலோசகர் அப்போது வேறொரு நாட்டில் வேறொரு ஒப்பந்தத்தில் இருந்தார். திட்டத்தின் முடிவறிக்கையில் அந்தக் கூட்டம் மக்கள் பங்கேற்புக்கு நல்ல உதாரணமாகப் பதிவாகியிருக்கிறது.

இதைச் சொன்னால் புதியவர்கள் உடனே "கணக்காய்வுக்கு என்ன பதில் சொல்வது?" என்று கேட்கிறார்கள். கணக்காய்வாளருக்கு வேண்டியது செலவு நடந்ததற்கான ஆதாரம். கடைக்காரரின் பற்றுச்சீட்டும், "இத்தனை பேர் வந்தார்கள்" என்று கூட்டத்தை நடத்தியவர் ஒப்பமிட்ட ஒரு கடிதமும் அதற்குப் போதும் என்று முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொள்ள வைக்கலாம். நான் கேட்ட இடங்களில் பெரும்பாலும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கூட்டம் முடிந்த பிறகு கேட்டால்தான் மறுப்பார்கள். பயணப்படி கொடுக்க வேண்டுமென்றால் சங்கத்தின் மூலம் மொத்தமாகக் கொடுத்து ஒரே பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

ஒப்பந்தத்தில் அந்த வரியை வெட்டிவிட்டு என்ன எழுதுவது? களக் குறிப்புகள், ஒலிப்பதிவுகள், பெயர்கள் ஆலோசகரிடமே இருக்கும். அமர்த்தும் நிறுவனத்துக்குக் கிடைப்பது அடையாளம் நீக்கிய கண்டறிதல்கள் மட்டும். மூலக் குறிப்புகள் எந்தத் திகதியில் அழிக்கப்படும், அதை யார் உறுதிசெய்வார் என்பதும் இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளரும் வாகனச் சாரதியும் இதற்குக் கட்டுப்பட்டவர்கள் என்று தனியாக எழுதுங்கள். யார் வீட்டுக்குப் போனோம் என்பது சாரதிக்குத் தெரியும், வாகன ஓட்டப் பதிவிலும் இருக்கும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்று சொல்லி இவற்றை விட்டுவிடாதீர்கள்.

பெயரை எடுத்தால் மட்டும் அடையாளம் போய்விடாது. "கணவரை இழந்த, நண்டு வாடி நடத்தும் பெண்" என்று எழுதிவிட்டு ஊர்ப் பெயரையும் போட்டால், அந்த ஊரில் அப்படி ஒருவர்தான் இருப்பார். வரைவு வெளியே போகுமுன் அந்தப் பகுதியை நன்றாகத் தெரிந்த ஒருவர், இதைக் கொண்டு ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா என்ற ஒரே கேள்வியோடு வாசிக்க வேண்டும். வெளியூர் ஆலோசகரால் அதைச் செய்ய முடியாது. உள்ளூர் இணை ஆலோசகர் தேவைப்படுவதற்கு இதுவே போதுமான காரணம். படங்களில் முகம் வேண்டாம், கைபேசியில் இடம் பதிவாகும் வசதியும் அணைந்திருக்கட்டும்.

யாராவது மிரட்டப்பட்டால் யாருக்கு அழைப்பது என்பதையும் முதல் கூட்டத்துக்கு முன்பே முடிவு செய்யுங்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகும் பதில் சொல்லும் இலக்கமாக அது இருக்க வேண்டும். அநேகமாக அது நிறுவனத்தில் ஒருவருடையதாகத்தான் இருக்கும். அவருடைய பெயரை எழுதி, அவரிடமும் ஒப்பம் வாங்குங்கள்.

ஒரு மாதக் கெடு தெரியாத ஆலோசகர்

இலங்கை அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி, நிர்வாக நடவடிக்கையால் அடிப்படை உரிமை மீறப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. இது தெரியாத வெளிநாட்டு ஆலோசகர், போன வாரம் நடந்த அநியாயம் ஒன்றைக் கேட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டு ஊருக்குப் போய் மூன்று மாதம் அறிக்கை எழுதுகிறார். சொன்னவர், வந்தவர் ஏதோ செய்வார் என்று காத்திருக்கிறார். கெடு கடந்துவிடுகிறது.

அதனால் குழுவில் ஓர் உள்ளூர்ச் சட்டத்தரணி கட்டாயம் வேண்டும். நாட்கள் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. கெடுவுக்குள் இருக்கும் விடயம் காதில் விழுந்தால், சம்பந்தப்பட்டவர் விரும்பினால் அன்றே ஆணைக்குழுவின் யாழ்ப்பாணம் அல்லது வவுனியா அலுவலகத்துக்கு எப்படி முறையிடுவது என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். இது டி.ஓ.ஆரில் ஒரு வேலையாகவே இருக்கட்டும்.

விசா

சுற்றுலா விசாவில் வரவழைக்காதீர்கள்.

கடைசித் தவணையை "திருப்தி"யோடு கட்டுவது

வேலை திருப்தியாக இருந்தால் மிகுதி 30 சதவீதம் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால், நிறுவனத்துக்குப் பிடிக்காத கண்டறிதல் ஒவ்வொன்றும் கடைசி வரைவில் மெலிந்து போகும். "மீறல்" என்று இருந்தது "சவால்" என்று மாறிவிடும். ஆலோசகரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்கும் வாடகை கட்ட வேண்டும். கடைசித் தவணைக்கு நிபந்தனையாகக் கையளிக்கும் திகதியையும் வேலைப் பட்டியலையும் மட்டும் போடுங்கள். நிறுவனம் தகவல் பிழைகளைத் திருத்தலாம். கண்டறிதலோடு உடன்பாடில்லையென்றால் அதைத் தன் பெயரில் எழுதி அறிக்கையின் பின்னால் சேர்க்கட்டும்.

அறிக்கையோடு திரும்பிப் போகாமல் இருப்பது

தமிழிலும் சிங்களத்திலும் சுருக்கம் தயாரிக்கும் செலவு, கதைத்த ஊர்களுக்குத் திரும்பிப் போகும் நாட்கள் இரண்டையும் ஆலோசகரின் மொத்த நாட்களுக்குள்ளேயே போடுங்கள். "நிதி மிஞ்சினால் செய்வோம்" என்று விட்டால் அது நடக்காது. திரும்பிப் போகும் கூட்டத்தை வரைவுக் கட்டத்திலேயே வைத்தால், நீங்கள் எழுதியது சரியா என்று கேட்கவும் அவர்கள் சொல்லும் திருத்தத்தைச் சேர்க்கவும் நேரம் இருக்கும். அந்தக் கூட்டத்துக்கும் வரவு இடாப்பு வேண்டாம்.